பட்டப் படிப்பின் பாயிரம்
கேம்பிரிட்ஜ் கணிதப் பாடத்திட்டம்: ஒரு திறனாய்வு

தமிழ் மரபில் நூலுக்கு முன் பாயிரம் நிற்கும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும் சிறப்புப் பாயிரத்துள் விளங்கவேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. இவ்வெட்டனுள் யாப்பு என்பதற்கு உரையாசிரியர் தரும் விளக்கம் ஆசிரியத் தொழிலில் உள்ளார் அனைவரும் கருதத் தக்கது. இன்ன நூலைக் கேட்டு முடித்தபின் இன்ன நூலைக் கேட்டல் தகும் என்னும் இயைபே யாப்பு என்பர் அவர். எதன்பின் எது என்று அறியாமல் கற்பிக்கப் புகுவது, அடித்தளம் இடாமல் மேல்மாடம் கட்டுவதை ஒக்கும்.

ஒரு தனி நூலுக்கே இத்துணை வரையறை வேண்டுமெனின், பல நூல்களையும் பல ஆசிரியரையும் மூன்று நான்கு ஆண்டுகளையும் தன்னுள் அடக்கிய ஒரு பட்டப் படிப்புக்கு அது வேண்டாமோ? பல்கலைக் கழகப் பாடத்திட்டத்தையும் ஒரு நூலாகவே கொண்டு, கேட்போர், யாப்பு, நுதலிய பொருள், பயன் என்னும் நான்கு உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். அதற்கு ஏற்றதொரு சான்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்துக் கணிதப் பட்டப் படிப்பாகும். ‘டிரைப்பாஸ்’ என்னும் பெயருடைய அப்படிப்புக்கு இருநூற்றைம்பது ஆண்டுகட்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தமிழ் மக்களுக்கும் அதனோடு ஒரு தொடர்பு உண்டு. கும்பகோணத்து இராமானுஜனின் வாழ்வு அப்படிப்பின் நிறையையும் குறையையும் ஒருங்கே காட்டும் கண்ணாடியாக அமைந்துவிட்டது.

தேர்வுக்கு அடிமையான பாடம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் சிறந்தோர் பெயர்கள் தகுதி வரிசைப்படி வெளியிடப்பட்டு வந்தன. முதல் வகுப்பினர் ‘ராங்ளர்’ எனப்பட்டனர். அவருள் முதல்வர் ‘சீனியர் ராங்ளர்’. அவ்விடத்தைப் பெற்றவர் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. சிறப்புத் தகுதி பெற்றோருள் கடைசியில் நின்றவருக்கு மரக்கரண்டி ஒன்றைக் கொடுத்து நகையாடும் வழக்கமும் இருந்தது. 1899-இல் ஆர். பி. பராஞ்சபே என்னும் மராட்டிய இளைஞர் முதலிடத்தை மற்றொருவரோடு பகிர்ந்து பெற்றபோது இந்தியா பெருமிதம் கொண்டது.

இவ்வரிசையைப் பெறுவதற்கு நடந்த தேர்வின் அளவைப் பார்த்தால் வியப்புத் தோன்றும். 1854-ஆம் ஆண்டில் எட்டு நாள்களில் 16 வினாத்தாள்கள் எழுதவேண்டியிருந்தது. அவற்றின் மொத்த நேரம் நாற்பத்து நான்கரை மணி, வினாக்கள் 211. அவ்வாண்டில் முதலிடம் பெற்றவர் எட்வர்டு ரௌத். இரண்டாமிடம் பெற்றவர் மின்காந்தவியலை வகுத்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1860-களில் நடந்த ஒரு தேர்வைப் பற்றிய குறிப்பின்படி, மொத்தம் 17,000 மதிப்பெண்ணில் முதல்வர் பெற்றது 7,634. கடைசியில் நின்றவர் பெற்றது 237. பெருந்திறலாளரும் பாதியை எட்ட முடியாத தேர்வு அது. அளந்தது அறிவின் ஆழத்தையோ, கையின் விரைவையோ என்னும் ஐயம் எழுவது இயல்பே.

தேர்வு இங்ஙனம் வீங்கியபோது பாடம் மெலிந்தது. பேராசிரியரின் விரிவுரைக்குச் செல்லும் மாணாக்கர் அருகினர். தனிப் பயிற்சி ஆசிரியர் வீட்டுக்குச் செல்வோர் பெருகினர். முற்கூறிய ரௌத் அத்தகைய பயிற்சியாளருள் தலைசிறந்தவர். அவரிடம் பயின்று சீனியர் ராங்ளர் ஆனவர் இருபத்தைவருக்கும் மேற்பட்டவர். வினா எவ்வாறு வரும், அதனை எத்துணை விரைவில் முடிக்கலாம் என்பதே அங்குப் பயிற்றப்பட்டது. பாடத்திட்டம் என்ற பெயரில் இருந்தது உண்மையில் பழைய வினாத்தாள்களின் தொகுதியே.

இதனை மெய்ப்பிக்கும் பழைய நிகழ்ச்சி ஒன்றுண்டு. நியூட்டனின் புள்ளிக் குறியீட்டை விடாது பற்றிக்கொண்டிருந்த கேம்பிரிட்ஜில் லைப்னிட்சின் குறியீட்டைப் புகுத்த வேண்டுமென்று பாபேஜ், ஹெர்ஷெல், பீக்காக் என்னும் இளைஞர்கள் 1812-இல் ஒரு சங்கம் அமைத்தனர். பிரெஞ்சு நூலொன்றை மொழிபெயர்த்தும் வெளியிட்டனர். ஆயினும் மாற்றம் வேரூன்றத் தொடங்கியது, 1817-இல் பீக்காக் தேர்வாளராக அமர்ந்து புதிய குறியீட்டை வினாத்தாளிலேயே எழுதியபோதுதான். வினாத்தாள் மாறினால் கல்வி மாறும். அது மாறாதவரை எந்த நூலும் எந்தச் சங்கமும் கல்வியை மாற்றா என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

நால்வகை உரைகல்லில் இப்பழைய திட்டத்தை வைத்தால், பயன் என்ற இடத்தில் வரிசைப் பட்டியலும், நுதலிய பொருள் என்ற இடத்தில் வினாத்தாளும் நிற்பதைக் காணலாம். யாப்பு என்பது இல்லை. கேட்போர் என்னும் இடத்திலும் குறையுண்டு. 1890-இல் பிலிப்பா ஃபாசெட் என்னும் பெண்மணி சீனியர் ராங்ளரினும் மிகுதியான மதிப்பெண் பெற்றார். ஆயினும் பெண்பாலார் ஆதலின் அவருக்கு அப்பட்டம் இல்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948-இல்தான்.

எனினும் ஒருதலையாகப் பழித்தல் திறனாய்வு ஆகாது. மாக்ஸ்வெல், கெல்வின், ஜே. ஜே. தாம்சன் ஆகிய இயற்பியல் மேதைகள் அப்படிப்பில் இரண்டாமிடம் பெற்றவர்களே. புள்ளியியலுக்கு வடிவம் தந்த கார்ல் பியர்சன் 1879-இல் மூன்றாமிடம் பெற்றவர். கடினமான கணக்கை அஞ்சாது எடுத்து முடிக்கும் கைப்பழக்கத்தை அது தந்தது. அது தராதது கணிதத்தின்மேல் அன்பு. 1893-இல் ஏழாவது ராங்ளரான பெர்ட்ரண்டு ரஸ்ஸல், தேர்வு முடிந்ததும் தம் கணித நூல்களையெல்லாம் விற்றுவிட்டதாகப் பிற்காலத்தில் தாமே எழுதியுள்ளார். கணித அடிப்படைகளை ஆராய்ந்து பெரும்புகழ் எய்தியவர் நிலையே இதுவெனின், ஏனையோர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

காரின் தொகுப்பு நூலும் கும்பகோணத்து மாணவரும்

இத்தேர்வுலகம் பெற்ற பிள்ளை ஒரு நூல். ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்னும் தனிப் பயிற்சி ஆசிரியர், தம் மாணாக்கருக்காகத் தொகுத்துவந்த குறிப்புகளைக் கொண்டு ஆக்கி, 1886-இல் நிறைவு செய்த கணித முடிவுகளின் சுருக்கத் தொகுப்பே அது. இயற்கணிதம், கோணவியல், வகையீடு, தொகையீடு, பகுமுறை வடிவியல் எனப் பல துறைகளின் தேற்றங்கள் ஆயிரக்கணக்கில் எண்ணிட்டு அடுக்கப்பட்டுள்ளன. நிறுவல் உண்டெனின் ஓரிரு வரி. அல்லது ‘இன்ன எண்ணைக் காண்க’ என்னும் சுட்டு. தேர்வுக்கு முந்திய வாரத்தில் மாணவன் திருப்பிப் பார்ப்பதற்கு அது நல்ல துணை. கணிதம் கற்கத் தொடங்குவோனுக்கு அது வழிகாட்டி அன்று. ஊர்ப் பெயர்களின் பட்டியல்.

இந்நூல் 1903-ஆம் ஆண்டு அளவில் கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்த இராமானுஜன் கையில் கிடைத்தது. வழிகாட்டி இல்லாத இடத்தில் வழியைத் தாமே வெட்டிச் செல்லும் ஆற்றல் அவருக்கு இருந்தமையால், நிறுவல் இன்மையே அவருக்கு அழைப்பாயிற்று. ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே கண்டறிந்தார்; அப்பாலும் சென்றார். ஆனால் அதே மாணவர் கும்பகோணம் அரசினர் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப். ஏ. வகுப்பில் கணிதம் அல்லாத பாடங்களில் தவறினார். உதவித்தொகை போயிற்று, பட்டம் இல்லை, 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராக அமர்ந்தார்.

ஒரு மேதைக்காகப் பாடத்திட்டம் வகுக்க இயலாது என்பர். அது மெய்யே. எனினும் எல்லாப் பாடத்திலும் ஒரே அளவு தேறினாலன்றி ஒரு பாடத்திலும் மேற்செல்ல விடாத திட்டம், சராசரி மாணவனுக்கும் நன்மை செய்வதன்று என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

காரின் நூலால் விளைந்த குறையும் மறைக்கத் தக்கதன்று. 1913 சனவரி 16-ஆம் நாளிட்டுக் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதத்தில் வியத்தகு முடிவுகள் பல இருந்தன. ஆயின் பகா எண்களின் பரவல் பற்றி அவர் கொண்டிருந்த முடிவு பிழைபட்டது. சிக்கலெண் சார்புகளின் கோட்பாட்டை அவர் அறியாமையே அதற்குக் காரணம். காரின் தொகுப்பில் அத்துறைக்கு இடமில்லை. எது நிறுவப்பட்டது, எது ஊகிக்கப்பட்டது என்னும் வேறுபாடும் அவருக்குத் தெளிவாக இல்லை என்று ஹார்டி குறித்துள்ளார். யாப்பு இல்லாத நூலைக் கற்றவர்க்கு வரும் இடர் இதுவே. மேதைக்கே வந்ததெனின் ஏனையோர்க்கு வாராதோ?

1914-இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்த இராமானுஜனை அவர்கள் டிரைப்பாஸ் தேர்வுக்கு அனுப்பவில்லை. ஆராய்ச்சியைக் கொண்டு 1916-இல் பி. ஏ. பட்டம் வழங்கினர். தமிழுலகம் அப்பல்கலைக் கழகத்தோடு சேர்த்து நினைக்கும் பெயருக்குரியவர், அதன் புகழ்பெற்ற தேர்வை எழுதாமலே பட்டம் பெற்றார்.

ஹார்டியின் மறுமொழி

ஹார்டியும் அப்பழைய தேர்வின் வழியே வந்தவர். 1898-இல் நான்காவது ராங்ளர். தனிப் பயிற்சியில் சலிப்புற்று, கணிதத்தை விடுத்து வரலாறு கற்கலாமா என்றும் எண்ணியவர். லவ் என்னும் ஆசிரியர் பிரெஞ்சு அறிஞர் ஜோர்டானின் பகுப்பாய்வு நூலைப் படிக்குமாறு அவருக்குச் சொன்னார். கணிதம் என்பது யாது என அந்நூலால்தான் முதன்முதல் உணர்ந்ததாக ஹார்டி 1940-இல் வெளிவந்த தம் நூலில் நன்றியுடன் குறிக்கின்றார். ஓர் ஆசிரியர் சொன்ன ஒரு சொல், ஒரு பல்கலைக் கழகத்தின் போக்கையே திருப்பிவிட்டது.

தகுதி வரிசையை ஒழிக்கப் போராடியோருள் ஹார்டியும் ஒருவர். 1909-ஆம் ஆண்டோடு வரிசைப் பட்டியல் நின்றது. அதற்கு முந்திய ஆண்டாகிய 1908-இல் வெளிவந்தது அவருடைய ‘தூய கணிதப் பாடம்’ என்னும் நூல். பல்கலைக் கழகத்து முதலாண்டு மாணாக்கருக்கென எழுதப்பட்ட அது ஒரு நூல் மட்டுமன்று, பாடத்திட்டமும் ஆகும்.

பத்து இயல்களைக் கொண்டது அந்நூல். மெய்யெண்ணில் தொடங்குகிறது, பின் சார்புகள், பின் சிக்கலெண்கள், அதன்பின் முழுவெண் மாறியின் எல்லை, அடுத்துத் தொடர்மாறியின் எல்லையும் தொடர்ச்சியும், அதன்பின்னரே வகையீடும் தொகையீடும். மேலும் சில தேற்றங்களும், முடிவிலாத் தொடர்களின் குவிதலும் கழிந்து, ஒன்பதாம் இயலிலும் பத்தாம் இயலிலும் மடக்கை, அடுக்குக்குறிச் சார்பு, வட்டச் சார்புகள் இடம் பெறுகின்றன. 1914-இல் வந்த இரண்டாம் பதிப்பில், மெய்யெண்ணுக்கு டெடெகிண்ட் தந்த விளக்கமும் முதலியலில் சேர்க்கப்பட்டது. எண் என்றால் என்ன என்பதையே சொல்லாமல் எண்ணின் எல்லையைப் பேசக்கூடாது என்று உணர்ந்த ஆசிரியரின் நேர்மை அது.

மடக்கையின் இடம்

இவ்வைப்பு முறையின் சிறப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பள்ளியில் மடக்கை என்பது பெருக்கலைக் கூட்டலாக்கும் அட்டவணை. அதனை மாணவன் பதினைந்து வயதிலேயே அறிவான். அங்ஙனமிருக்க ஹார்டி அதனை ஒன்பதாம் இயல்வரை தள்ளி வைப்பானேன்?

பத்தின் இரண்டாம் அடுக்கு என்றால் பத்தைப் பத்தால் பெருக்குவது. பத்தின் அரை அடுக்கு என்றால் அதன் வர்க்கமூலம். ஆனால் பத்தை ‘இரண்டின் வர்க்கமூலம்’ என்னும் எண்ணுக்கு உயர்த்துவது என்றால் என்ன? அவ்வெண் முழுவெண்ணும் அன்று, பின்னமும் அன்று. அத்தனை முறை பெருக்குக என்றோ, அத்தனையாவது மூலம் காண்க என்றோ சொல்ல இயலாது. பள்ளிப் புத்தகம் இவ்விடத்தில் வாய் மூடிக்கொள்ளும், மாணவனும் கேளான். ஹார்டியோ இதனைத் தொகையீட்டின் வாயிலாகத் தீர்க்கின்றார். ஒன்றின்கீழ் மாறியைப் பகுதியாகக் கொண்ட வளைகோட்டின் கீழ், ஒன்றுமுதல் வேண்டிய எண்வரை உள்ள பரப்பே அவ்வெண்ணின் மடக்கை என வரையறை செய்கின்றார். பெருக்கல் கூட்டலாகும் பண்பு அதிலிருந்து தானே பிறக்கிறது. அதன் மறுதலையாக அடுக்குக்குறிச் சார்பு வருகிறது. எந்த மெய்யெண் அடுக்கும் பொருள் பெறுகிறது. இதற்குத் தொகையீடு வேண்டும். தொகையீட்டுக்கு எல்லை வேண்டும். எல்லைக்கு மெய்யெண் வேண்டும். ஒன்பதாம் இயல் ஒன்பதாவதாக நிற்பது வெறும் வரிசைக்காக அன்று, தேவைக்காக. யாப்பு என்று உரையாசிரியர் சொன்னது இதுவே.

ஹார்டியின் குறைகள்

நூலின் சிறப்பைக் கூறியபின் குறையையும் கூறல் வேண்டும். முதலாவது, கேட்போர் எல்லை மிகக் குறுகியது. உதவித்தொகை பெறத்தக்க தரத்து மாணாக்கரையே ஆசிரியர் மனத்திற் கொண்டார். அந்நூலில் ஒரு சமயப் பரப்பாளரின் வேகம் உண்டு என்பதைப் பல்லாண்டுக்குப்பின் 1937-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அவரே நகைச்சுவையோடு ஒப்புக்கொள்கின்றார்.

இரண்டாவது, டிரைப்பாஸ் தேர்வை வன்மையாகக் கடிந்தவர் தம் நூலின் பயிற்சிக் கணக்குகளுட் பலவற்றை அத்தேர்வின் வினாத்தாள்களிலிருந்தே எடுத்து, ஆண்டையும் குறித்துள்ளார். இதனை முரண்பாடு என்று மட்டும் கொள்ளல் ஆகாது. நல்ல வினா எங்கிருந்து வந்தாலும் நல்லதே. ஆனால் 1926-இல் இங்கிலாந்துக் கணித ஆசிரியர் சங்கத்தின் தலைமையுரையில், அத்தேர்வைத் திருத்துவதாற் பயனில்லை, ஒழிப்பதே வழி என்று அவர் வாதிட்டபோது, அவ்வினாக்களின் பயனை மறந்தார் போலும். தேர்வின் தீமை வினாவில் இல்லை; தேர்வே பாடத்தின் தலைவனாகிவிடுவதில் உள்ளது. பணியாளாக இருக்கும்வரை தேர்வு நன்றே.

மூன்றாவது குறை பயன் பற்றியது. தம் கணிதத்தால் உலகியற் பயன் ஏதும் இல்லை என்பதைப் பெருமையாகவே ஹார்டி எழுதினார். ஆனால் தூய கணிதப் பாடம் வெளிவந்த அதே 1908-இல், மரபுப் பண்புகள் ஒரு மக்கள் தொகையில் தலைமுறைதோறும் எவ்விகிதத்தில் நிலைபெறும் என்பதை விளக்கி ஓர் அறிவியல் இதழுக்கு அவர் ஒரு சிறு கடிதம் எழுதினார். அது ஹார்டி-வைன்பர்க் விதி என்னும் பெயரோடு மரபியல் கற்போர் அனைவருக்கும் இன்று பாடம். அவர் எளிய கணக்கு என்று கருதிய ஒன்று பெரும்பயன் தந்தது. பயன் என்பதைப் பாயிரத்திலிருந்து நீக்க விரும்பியவர் நூலின் புறத்தே பயன் வந்து நின்றது.

இதனோடு இயைந்த மற்றொரு செய்தியும் உண்டு. புள்ளியியலை அறிவியலாக்கிய பியர்சனும், 1912-இல் ராங்ளரான ரொனால்டு ஃபிஷரும் கேம்பிரிட்ஜ் கணிதத்தில் தேறியவர்கள். எனினும் அவர்கள் துறை வளர்ந்தது அத்திட்டத்துக்கு வெளியில். பியர்சன் புள்ளியியற் பகுதியை நிறுவியது 1911-இல் இலண்டனில்; ஃபிஷரின் பெரும்பணி நடந்தது ராதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில். வயலில் விளைச்சலை அளந்தவர்களுக்கு வேண்டிய கணிதம் பழைய தேர்விலும் இல்லை. ஹார்டியின் பாடத்திலும் இல்லை.

இன்றைய அமைப்பு

இன்று அப்பல்கலைக் கழகத்தின் முதலாண்டுத் திட்டத்தில் எட்டுப் பாடங்கள் உள்ளன. முதற் பருவத்தில் திசையன்களும் அணிகளும், வகைக்கெழுச் சமன்பாடுகள், குலங்கள், எண்களும் கணங்களும் ஆகியவை. அடுத்த பருவத்தில் பகுப்பாய்வு, நிகழ்தகவு, திசையன் நுண்கணிதம், இயக்கவியலும் சார்பியலும் ஆகியவை. புள்ளியியல் இரண்டாம் ஆண்டில் வருகிறது. அதற்கு முன் நிகழ்தகவு வந்துவிடுகிறது.

இவ்வரிசையை உற்று நோக்கினால், இருவழக்குக்கும் நடுநிலை கண்ட ஒரு தீர்ப்பு இதில் இருப்பது தெரியும். வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் கைப்பழக்கம் முதற் பருவத்திலேயே வருகிறது; அது பழைய டிரைப்பாஸின் கொடை. எல்லையையும் தொடர்ச்சியையும் ஐயமற நிறுவும் பகுப்பாய்வு அடுத்த பருவத்தில் வருகிறது. அது ஹார்டியின் கொடை. முன்னர்ச் செய்யப் பழகிய ஒன்றைப் பின்னர் ஏன் அது சரி என்று வினவுவது, குழந்தை பேசப் பழகியபின் இலக்கணம் கற்பதை ஒக்கும். இலக்கணம் கற்றபின்தான் பேசவேண்டும் என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. பேச்சு வந்துவிட்டமையால் இலக்கணம் வேண்டா என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. ஹார்டியின் கடுமையான யாப்பினும் இவ்விணக்கம் கற்போர்க்குப் பொருந்துவது.

நிகழ்தகவைப் புள்ளியியலுக்கு முன் வைத்ததும் போற்றத் தக்கது. சராசரி காண்பதும் அட்டவணை வரைவதும் நிகழ்தகவின்றி இயலும். ஆயின் சிறு மாதிரி ஒன்றைக் கண்டு பெருந்தொகுதியைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதற்கும், அத்தீர்ப்பு எத்துணைப் பிழைபடக் கூடும் என்று மதிப்பதற்கும் நிகழ்தகவே அடித்தளம். அஃதின்றிப் புள்ளியியல் கற்பித்தால் மாணவன் பெறுவது கார் நூலில் உள்ளது போன்ற சூத்திரப் பட்டியல் ஒன்றே.

இவ்வமைப்பிலும் ஒரு குறை சுட்டலாம். இரண்டாம் ஆண்டு முதல் மாணாக்கரின் விருப்பத் தேர்வுக்கு இடம் விரிகிறது. இறுதியாண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட பாடங்கள் காத்திருக்கின்றன. விருந்து பெரிது, ஆனால் எதன்பின் எதனை உண்பது என்று சொல்லுவார் அருகில் இல்லையெனின் செரிமானம் கடினம். தனக்கு எளிதாகத் தோன்றுவதைப் பொறுக்கிக்கொண்டு, பின்னர் வேண்டப்படும் பாடத்தை விட்டுவிடும் மாணவன் எந்நாட்டிலும் உண்டு. லவ் என்னும் ஆசிரியர் ஹார்டிக்குச் சொன்ன அந்த ஒரு சொல்லை எந்தப் பாடத்திட்ட அட்டவணையும் சொல்லிவிடாது.

முடிவுரை

ஒரு பட்டப் படிப்பை வகுப்போர் முதலில் பாடங்களின் பெயரை அடுக்குவர்; பின்னர்த் தேர்வு விதிகளை எழுதுவர். தமிழ் மரபு காட்டும் முறை வேறு. யார் கேட்போர், அவர் முன்பு எதைக் கேட்டு வந்தவர், எதனைப் பெற்றுச் செல்வர் என்பவற்றை வரையறுத்தபின் பாடத்தின் பெயர் தானே வரும். பழைய டிரைப்பாஸ் பயனை மறந்து வரிசையை வைத்தது. காரின் நூல் யாப்பை மறந்து பட்டியலை வைத்தது. ஹார்டியின் நூல் யாப்பை நிறுவிக் கேட்போரையும் பயனையும் சுருக்கியது. இம்மூன்றன் பட்டறிவும் கலந்ததே இன்றைய திட்டம்.

இராமானுஜன் தமக்கு வேண்டிய பாயிரத்தைத் தாமே எழுதிக்கொண்டார். அதற்கு அவர் கொடுத்த விலை, இழந்த ஆண்டுகள். வகுப்பறையில் அமர்ந்திருக்கும் ஏனைய மாணாக்கர்க்கு அதனை எழுதித் தரவேண்டிய கடன் ஆசிரியருடையது.